ஆளில்லாக் கப்பலுக்கு ஓர் ஆள்

கப்பலிலிருந்து
9.1.2024

அன்புள்ள சிந்துவுக்கு,

ஸ்ரீதர் எழுதுவது. கையால் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது, கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள். எங்களுக்குக் குடிதண்ணீர்ப் படகு ஓட்டிவரும் ஹம்சா கண்ணூர்க்காரர். இதைப் போட்டோ எடுத்து, கரைக்குப் போனதும் உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நீ பதில் போட்டால் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து தருவார். கரை வெகு தூரம், போனுக்கு சிக்னல் கிடையாது. கப்பலின் இன்டர்நெட்டையும் பணம் கட்டவில்லை என்று துண்டித்துவிட்டார்கள். என்னிடமிருந்து போனே வராமல் நீ என்னென்ன நினைத்துப் பயந்தாயோ.

சிமெண்ட் இறக்கிவிட்டுக் கிளம்ப வேண்டிய கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டார்கள். முதலாளி பாக்கி வைத்தாராம், கோர்ட் கப்பலைப் பிடித்துவிட்டது. அந்தக் கம்பெனி எங்கள் மெயில் எதற்கும் பதில் போடவில்லை. கப்பல் கட்டியது ஜப்பானில். பறக்கும் கொடி, நான் கண்ணால் பார்க்காத ஏதோ தீவின் கொடி. முதலாளி ஒரு நாட்டில், ஆபீஸ் இன்னொரு நாட்டில். வேலை பார்க்கும் நாங்கள் ஆறு பேர் நான்கு நாட்டுக்காரர்கள். இத்தனை பேர் கைபட்ட கப்பலை இன்றைக்கு என்னுடையது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுத வரவில்லை. அரிசி இருக்கிறது. பிலிப்பைன்ஸ்காரர் ஜோயல், எங்கள் சமையல்காரர், தூண்டில் போட்டு ஏதாவது பிடித்துவிடுகிறார்.

அப்பாவிடம் முழுக்கச் சொல்லாதே.

உன்
ஸ்ரீதர்

காரைக்குடி
24.1.2024

அன்புள்ள அத்தானுக்கு,

சிந்து எழுதிக்கொள்வது. கடிதம் வந்தபோது கடையில் முறுக்கு டின்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உயிர் வந்தது. படித்து முடித்ததும் மறுபடி போய்விட்டது.

மாமாவிடம் மறைக்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். "கப்பல் நின்னு போச்சுன்னா இறங்கி வரவேண்டியதுதானத்தா, எவன் தடுக்குறான்?" என்றார். எனக்கும் அதே கேள்விதான். உங்கள் அப்பா தச்சு வேலை பார்த்த நாளில், ஒரு வீட்டு வேலை பிடிக்காவிட்டால் உளிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். கப்பல் அப்படியில்லை என்பது எங்களுக்கு எப்படிப் புரியும்?

தம்பி மாயக்கண்ணனைக் கூட்டிக்கொண்டு சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தேன். வாங்கிய அம்மா நல்லவர்தான். "கப்பல் எந்த நாட்டுக் கப்பல்?" என்றார். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "இதுல யாருக்குன்னும்மா நாங்க எழுதுறது?" என்று கேட்டுவிட்டு, சென்னைக்கு அனுப்பி வைப்பதாகச் சொன்னார்.

பொங்கலுக்கு வெளிநாட்டு ஆர்டர் குவிந்தது. தேனம்மை ஆச்சி கல்லாவில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "டின்னுல அடைச்ச மணகோலப் பலகாரம் நாலு நாளையில சிங்கப்பூர் போயிருது. ஒரு மனுசன் வீடு வந்து சேர வழியைக் காணோமே ஆத்தா." எல்லோரும் டேப் ஒட்டிக்கொண்டே இருந்தோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எது நடந்தாலும் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

சிந்து

கப்பலிலிருந்து
2.3.2024

அன்புள்ள சிந்து,

கேப்டனுக்கு நெஞ்சுவலி வந்து படகில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் துறைமுக அதிகாரி வந்தார். மற்றவர்கள் ஊருக்குப் போகலாம், ஆனால் கப்பலுக்குப் பொறுப்பாக ஒருவர் இருந்தாக வேண்டும், அப்படி ஒருவர் இல்லாவிட்டால் யாரையும் இறங்கவிட முடியாது என்றார். அந்த ஒருவர் கப்பல் விற்கும்வரை இருக்க வேண்டும். எப்போது விற்கும் என்று அவருக்கே தெரியாது.

ஐந்து பேரும் மேஜையைச் சுற்றி நின்றோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜோயலின் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது, ஜெபம் பண்ணுகிறார் போல. அவருக்கு மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளையை அவர் இன்னும் பார்த்ததுகூட இல்லை. அந்த நிலையை என்னால் தாங்க முடியவில்லை. நான் கை தூக்கிவிட்டேன்.

நாளை அவர்கள் நான்கு பேரும் போகிறார்கள். கோபப்படாதே என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரு வரியாவது எழுது.

ஸ்ரீதர்

காரைக்குடி
19.3.2024

அத்தானுக்கு,

படகு தாமதமாம், உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பே ஜோயல் வந்துவிட்டார், வீடியோ காலில். நீங்கள் ஒரு தாளில் என் நம்பரை எழுதிக் கொடுத்தீர்களாமே. கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினார். அவருடைய அம்மா போனுக்கு நேரே வந்து நின்று அழுதார். ஜோயல் "தேங்க்யூ சிஸ்டர், தேங்க்யூ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எதற்கு நன்றி என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். பிறகுதான் அவர் விவரம் சொன்னார்.

அந்தக் குழந்தையைப் பார்த்தபின் அவர்கள் மேல் எப்படிக் கோபப்படுவது? அதனால் எல்லாக் கோபமும் உங்கள் மேல்தான்.

ஊரில் உங்களைப் பெருமையாகப் பேசுகிறார்கள். ஆச்சிகூட "உம் மாப்பிள்ளை பெரிய மனசுக்காரருடி" என்றார். மாமாவை ராத்திரி பாத்ரூமுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவது நான். கண்மருந்து விடுவது நான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நீங்கள் வீட்டில் இருந்த மாதங்களைக் கூட்டிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. நீங்கள் ஒரு கையைத் தூக்கவில்லை அத்தான். பக்கத்தில் இல்லாத என் கையையும் சேர்த்துத் தூக்கிவிட்டீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நேரத்தில் என் நினைப்பு வந்ததா?

சிந்து

கப்பலிலிருந்து
20.6.2024

அன்புள்ள சிந்து,

வந்தது. வந்ததை ஒதுக்கிவிட்டுத்தான் தூக்கினேன். ஏப்ரலில் எழுதிய இரண்டு கடிதத்திலும் இதைச் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தேன். அதனால்தான் நீ பதில் போடவில்லையோ என்று இப்போது நேராக எழுதுகிறேன்.

ஹம்சா படகிலிருந்து பார்த்ததும், கடிதம் இல்லை என்று தலையை ஆட்டிவிடுவார். பகலில் எஞ்சின் அறைக்குப் போய், ஓடாத எஞ்சினைத் துடைப்பேன். பேச ஆளில்லாமல் என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல இருக்கிறது.

நேற்று நாஸர் என்று ஒரு பெரியவர் வந்தார். மாலுமிகள் சங்கத்துக்காரர், எகிப்துக்காரர், வயது அறுபதுக்கு மேல். என் இடத்தில் கப்பலுக்குப் பொறுப்பாளராகத் தன் பெயரைக் கோர்ட்டில் கொடுத்துவிட்டார். அவர் இந்தத் துறைமுக ஊரிலேயே குடியிருப்பவர் என்பதால், கரையில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாமாம். இதை முன்பே ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். இப்படி ஓர் ஆள் இங்கே இருப்பதே தெரியாது என்றார். காரைக்குடி என்ற ஊரிலிருந்து ஒரு பெண் விடாமல் மெயில் போட்டதாகவும், அப்புறம் மணிலாவிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வர ஆரம்பித்ததாகவும் சொன்னார்.

எனக்கு எழுதாத நாட்களில் நீ இதைத்தான் செய்துகொண்டிருந்தாயா?

நான் போகலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. ஜூலை 3 காலையில் திருச்சி வந்து இறங்குகிறேன். ஏர்போர்ட்டுக்கு வருவாயா?

ஸ்ரீதர்

காரைக்குடி
27.6.2024

அத்தானுக்கு,

ஆமாம், நான்தான். ஆச்சியின் பேத்தி அக்ஷரா இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். ஜோயலிடமிருந்து மற்ற மூன்று பேரின் நம்பரையும் வாங்கி, அவரவர் ஊரிலிருந்து எழுதச் சொன்னேன். நான்கு பேரும் மறுக்காமல் எழுதினார்கள். முன்பின் தெரியாத ஆட்களுக்கு எழுத எனக்குக் கை ஓடியது. உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் ஓடவில்லை.

உங்களை அங்கிருந்து மீட்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அதையும் மன்னிப்பையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

என் நினைப்பு வந்தது, ஒதுக்கிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். வரவேயில்லை என்று எழுதியிருந்தால் சுலபமாக மன்னித்திருப்பேன். ஆனால் நீங்கள் பொய் எழுதவில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மாயக்கண்ணன் கார் எடுத்துக்கொண்டு வருவான். மாமாவும் வருகிறேன் என்கிறார், சட்டைகூட எடுத்து வைத்துவிட்டார். நான் வரவில்லை. அன்றைக்கு மலேசியா ஆர்டர் அனுப்ப வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. அத்தனை கூட்டத்துக்கு நடுவில் உங்களைப் பார்த்தால் அழுதுவிடுவேன். அழுதுவிட்டால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விட்டுவிடுவேன்.

குழம்பு வைத்து மூடியிருக்கும், போட்டுச் சாப்பிடுங்கள். படுத்துத் தூங்குங்கள். கடை முடிந்து ஆறு மணிக்கு வந்து எழுப்புகிறேன். முதலில் நான் பேசுகிறேன். முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேசக் கூடாது.

சிந்து