தாளத்தில் நிற்காத பெயர்

இன்று காலை சீனி கலக்கும்போது கரண்டி கோப்பையில் பட்டு ஒலித்தது. ஓங்கி ஒன்று, மெல்ல ஒன்று. உடனே நீ நினைவில் வந்துவிட்டாய்.

ரூ லூயி-பிளாங் தெரு உணவகத்தின் குசினியில் நாம் இருவரும் கோப்பை கழுவிய காலம் அது. இங்கு வருமுன் நீ இருந்த டென்மார்க் அகதி முகாமின் மொழி வகுப்பில் படித்த டேனிஷ் கவிதையொன்றைச் சொல்லுவாய். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. கரண்டியால் தட்டிக் காட்டுவாய்.

"பாருங்கோ அண்ணை, ஒண்டு ஓங்கி, ஒண்டு மெல்ல. ரெண்டு ரெண்டு வரியா ஒரே ஓசையில முடியும். எங்கட எதுகை தலைப்பக்கம், இவங்களுக்கு வாலில."

அந்தத் தாளம் எனக்கும் தொற்றிக்கொண்டது. மன்னாரில் அடக்கம் செய்துவிட்டு வந்த என் மனைவியை நினைத்து ஒருநாள் அதிலேயே பாடினேன்.

உப்புக் காற்றே, பிலோமினா எங்கே?
சோறும் நானும் காத்தோம் இங்கே.

எனக்கு அப்போது எழுதத் தெரியாது. "நான் எழுதி வைக்கிறன்," என்றாய். நம்பினேன்.

மார்கழியில் நம்மவர் நடத்திய நத்தார் விழாவில் நீ மேடையேறி, டேனிஷ் கவிதையின் தமிழாக்கம் என்று என் பாட்டை வாசித்தாய். பாட்டில் பிலோமினா என்ற பெயர் இருந்த இடத்தில் தோணி இருந்தது. யாப்பை வேறு விளக்கினாய். ஒருவர் எழுந்து கேட்டார்: "டென்மார்க்கிலயும் சோறோ தம்பி?"

"அது மொழிபெயர்ப்பாளன்ர சுதந்திரம்," என்றாய். மண்டபமே சிரித்துக் கைதட்டியது. பின்வரிசையில் இருந்த நான், அது என்னுடையது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மெத்ரோ ரயில் நிலையப் படியில் உன்னை மறித்தேன்.

"என்ர மனிசியை எங்கையடா விட்டனீ?"

"பேர் தாளத்துக்கை நிக்கேல்லை அண்ணை. தோணி நிண்டது."

"அப்ப டென்மார்க்காரன் எழுதினதெண்டு ஏன் சொன்னனீ?"

"கோப்பை கழுவிறவன்ர பாட்டெண்டா ஆர் கேப்பினம்?"

அதன்பிறகு நான் உன்னோடு பேசவில்லை. போன மாரிக் குளிரில் நீ இறந்தாய். உன் அடக்கத்திலும் ஒருவர் அந்த "டேனிஷ்" கவிதையையே வாசித்தார். அங்கேயும் தோணிதான். அன்றுதான் எழுதப் பழகுவதென்று முடிவெடுத்தேன்.

மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதிக் கோயிலின் பின்னறையில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. என் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் பேரப்பிள்ளைகள் வயது. பி, லோ, மி, னா. நான்கு எழுத்தும் இப்போது என் கையால் வருகின்றன! முதல்முறை எழுதியபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

உன்னை மன்னிக்கவில்லையடா. ஆனால் தட்டக் காட்டித் தந்தவனும் நீதான். இரண்டு வரியையும் இன்று எழுதி முடித்துக் கரண்டியால் தட்டிப் பார்த்தேன். நீ சொன்னது சரி, அவள் பெயரில் தாளம் இடறுகிறது.

இடறட்டும். அந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுதான் போகிறேன்.