நிறையாத கேன்

புரட்டாசி, செவ்வாய் இரவு.

மகனுக்குச் சிறுநீரகம் கொடுக்க வந்த அஞ்சம்மாளை இன்று திருப்பி அனுப்பியிருப்போம். ரத்தத்தை வைத்துப் போட்ட கணக்கு, அவருடைய சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றது. ஒரு நாள் முழுக்கக் கேனில் சேர்த்த சிறுநீரை வைத்துப் போட்ட கணக்கு, பாதிதான் வேலை செய்கிறது என்றது. மெலிந்தவர்களுக்கு ரத்தக் கணக்கு கூட்டிக் காட்டும் என்று பெரிய டாக்டர் இரண்டாவதை நம்பினார். அது உண்மைதான். ஆனால் கேன் பாதிகூட நிறையவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"பகல்ல நடவுல நின்னேன் டாக்டரம்மா. கேனைத் தூக்கிக்கிட்டா சேத்துல எறங்குறது? வீட்ல போனதத்தான் புடிச்சேன்."

ஒதுங்க ஒரு மறைவில்லாத வயலில் நிற்பவரிடம் கேனைக் கொடுத்துவிட்டு, குறை அவர் உடம்பில் என்று எழுதப் பார்த்தோம். நினைத்தால் இப்போதும் மனசு எரிகிறது.

மறுபடி சேர்க்கப் பெரிய டாக்டர் சம்மதித்தார். ஒரு நாள் வீட்டில் இருங்கள் என்றேன்.

"நடவு நேரத்துலயா? வரப்புல வச்சுக்கிறேன். எங்க ஆளுங்க சேலையப் புடிச்சு மறைச்சுக்குவாங்க. எம்மவனுக்கு ஒரு சொட்டு விடமாட்டேன்."

வெயில் படாமல் வாய்க்கால் தண்ணீரில் வைக்கச் சொன்னேன். ஒரு சொட்டு விடாமல் சேர்த்தால் ஒரு கேன் போதாது என்று இன்னொன்றும் கொடுத்தனுப்பினேன்.