இரண்டு யோகராசாக்கள்

மச்சாள்,

நம் கடையின் பழைய கணக்கு முழுவதையும் புதிய மென்பொருளில் ஏற்ற வேண்டும், கோப்பை அனுப்புங்கள் என்று கணக்காளர் கேட்டிருந்தார். அனுப்புமுன் இன்று காலை அதைத் திறந்து பார்த்தேன். நிறமில்லை, கோடுகளில்லை, காற்புள்ளிகளால் பிரித்த வெறும் எழுத்து வரிகள். ஒவ்வொரு வரியின் தலையிலும் வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் திகதி. அதைக் கண்டவுடன் உங்கள் குரல் காதில் விழுந்தது: "பெரிசில இருந்து சின்னனுக்கு வாங்கோ. அப்ப அடுக்கினால் தன்ர பாட்டில வரிசையா நிக்கும்."

இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திகதிகளை அடுக்க அடுக்கச் சித்திரையும் மாசியும் மாறிமாறிக் குதித்த ஒரு மத்தியானம் நீங்களாகவே கண்டுபிடித்தீர்கள். கையைத் தட்டிவிட்டு, பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னீர்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தார்.

உங்கள் தம்பியைக் கட்டி நான் வந்தபோது, துறைமுக வீதியில் படகு எஞ்சின் உதிரிப்பாகக் கடையை நீங்கள் தனியாளாக நடத்திக்கொண்டிருந்தீர்கள். கணக்கெல்லாம் தடித்த கொப்பிகளில், ஆளுக்கொரு பக்கம். கணினி படித்தவள் என்ற எண்ணம் எனக்கு. எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் ஏற்றித் தருகிறேன் என்றேன். "ஏத்துங்கோ, பாப்பம்" என்றுவிட்டு, ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு மட்டக்களப்புக்குப் போனீர்கள்.

அந்த நாட்களில்தான் சல்லிக் கிராமத்திலிருந்து யோகராசா அண்ணை எஞ்சினுக்கு இரண்டு பிளக் வாங்க வந்தார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். நான் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணை, பழைய பாக்கி இன்னும் நிக்குது" என்றேன்.

"அது மனுசியிட்டக் குடுத்து விட்டனானே."

"இஞ்ச வரயில்லையே" என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. அவர் குனிந்து திரையைப் பார்த்தார். பிளக்குகளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் நீங்கள் திரும்பி வந்ததும் சொன்னேன். நீங்கள் கொப்பியை எடுத்தீர்கள். ஒரு பக்கத்தில் யோகராசா. கடைசி வரியில் "மனுசி தந்தவ, முடிஞ்சுது" என்று உங்கள் எழுத்து. பத்துப் பக்கம் தள்ளி இன்னொரு யோகராசா, நிலாவெளிக்காரர், கடனோடு. நான் இருவரையும் ஒருவராக்கியிருந்தேன்.

என்னை ஏசப்போகிறீர்கள் என்று நின்றேன். நீங்களோ நாடியில் கைவைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "கொப்பியில எனக்கு ஏன் பிழைக்கயில்லை?"

"அதில பக்கம் வேறை வேறை, மச்சாள்."

"அப்ப கொம்பியூட்டருக்குப் பக்கம் எது?"

"அதைப் பிறகு பாப்பம். முதல் சல்லிக்குப் போவம்" என்று ஸ்கூட்டர்ச் சாவியை எடுத்தீர்கள்.

யோகராசா அண்ணை வீட்டு வாசலில் அவருடைய மனைவிதான் நின்றார். நாங்கள் வாயைத் திறக்குமுன்னே உங்களைப் பார்த்து, "அண்டைக்கு உங்கட கையிலதானே தந்தனான்?" என்றார். கண் சிவந்திருந்தது.

"ஓம், என்ர கையிலதான். பிழை எங்கட. அதைச் சொல்லத்தான் வந்தனாங்கள்."

"எனக்குச் சொல்ல வேண்டாம். உள்ள இருக்கிற மனுசனுக்குச் சொல்லுங்கோ. மூண்டு நாளா என்னோட கதை இல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அண்ணை கடையில் கோபப்பட்டுப் போகவில்லை. மனைவியைச் சந்தேகப்பட்டுப் போயிருந்தார். அட்டவணையில் நான் விட்ட ஒரு பிழை ஒரு வீட்டுக்குள் போய் இருந்துகொண்டது. அவர் வெளியே வந்து தலையைக் குனிந்துகொண்டு, "மெசின் பொய் சொல்லாது எண்டு நினைச்சிட்டன்" என்றார்.

"மெசின் பொய் சொல்லயில்லை. உங்கட பேரில ரெண்டு பேர் இருக்கினம் எண்டு நாங்கள்தான் அதுக்குச் சொல்லயில்லை" என்றீர்கள் நீங்கள்.

அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். உங்களுக்கும் எனக்கும் மட்டும். அவருக்கு இல்லை. திரும்பி வரும் வழியில் அதை நினைத்து நீங்கள் சிரித்தீர்கள். சாம்பல்தீவு தாண்டியதும், "அப்ப கொம்பியூட்டருக்குப் பக்கம் எது?" என்று மறுபடி கேட்டீர்கள்.

அடுத்த வாரம் முழுவதும் நீங்கள் அந்தக் கேள்வியோடுதான் இருந்தீர்கள். ஒரு ஆளை அந்த ஆள்தான் என்று எதை வைத்துச் சொல்வது? படகு இலக்கம் என்று முடிவு செய்து, கரையில் போய் நின்று ஒவ்வொரு படகாக எழுதி வந்தீர்கள். இரண்டு நாளில் ஒருவர் தன் படகைக் கிண்ணியாவில் விற்றுவிட்டார். "படகு போட்டுது, ஆள் இஞ்ச நிக்குது!" என்று வியந்து, அட்டவணையில் படகு இலக்கம் இருந்த பத்தியையே அழித்தீர்கள். பெயரோடு ஊரைச் சேர்த்து "யோகராசா, சல்லி" என்று எழுதிப் பார்த்தீர்கள். நடுவில் இருந்த காற்புள்ளி பத்தியை உடைத்து, சல்லியைத் தொகைப் பத்திக்குள் தள்ளிவிட்டது. "ஒரு கமா ஒரு மனுசனை ரெண்டாக்கிப் போட்டுதே!" அன்று நீங்கள் சிரித்த சிரிப்பு வீதிவரை கேட்டிருக்கும். கடைசியில் ஊருக்குத் தனிப் பத்தி போட்டு, ஒவ்வொருவருக்கும் மாறாத ஓர் இலக்கத்தைக் கடையே கொடுத்தது. காசைக் கொண்டுவந்து தந்தவர் யார் என்றும் ஒரு பத்தி வைத்தீர்கள்.

சென்ற மாரியில் நோய் உங்களைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் இருந்தபோதும், "வேறை கொம்பியூட்டரில அந்தக் கோப்புத் திறக்குமோ?" என்று கேட்டீர்கள். எதிலும் திறக்கும் என்றேன். திருப்திப்பட்டீர்கள். இன்று பார்த்தேன், திறந்தது.

போன கிழமை நிலாவெளியில் கருவாடு போடும் பெண்கள் கொஞ்சப் பேர் தங்கள் கணக்கை ஒழுங்கு செய்து தரும்படி கூப்பிட்டார்கள். ஒரு வரியில் ஒரு ஆள், ஒரு கட்டத்தில் ஒரு விசயம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்த ஒரு பெண் எழும்பினார்.

"அக்கா, எங்கட வீட்டு மீனும் அவவின்ர வீட்டு மீனும் ஒரே பாயிலதான் காயுது. காய்ஞ்சாப் பிறகு எது ஆரின்ர எண்டு எங்களுக்கே தெரியாது. அதை எந்த வரியில போடுறது?"

மற்றவர்கள் சிரித்தார்கள். சிலர் வாதாடத் தொடங்கினார்கள். முந்தைய நானாக இருந்தால் உடனே ஏதாவது ஒரு பதிலைச் சொல்லியிருப்பேன். கட்டத்துக்குள் அடங்காத ஒன்றைக் கண்டால் உங்களுக்கு வரும் அந்தச் சந்தோசம், மச்சாள், எனக்கும் வந்தது. நீங்கள் இருந்திருந்தால் அங்கேயே சம்மணமிட்டு இருந்திருப்பீர்கள்.

"எனக்கும் தெரியாது" என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்தேன். "வாங்கோ, முதல் அந்தப் பாயைக் காட்டுங்கோ."