முதல் அடிக்குறிப்பு

என் உம்மாவுக்கு,

தங்கை இதை வாசித்துக் காட்டும்போது சிரிக்காதீர்கள்.

விடியற்காலையில் மாவு பிசைந்தபடி சொல்வீர்களே: "பக்கத்து வீட்டு மொஞ்சியா உறைக்குக் குடுத்த புளிச்ச மாவுடி இது. அவளுக்கு அவ மாமியா குடுத்தது. அம்புட்டு பேரும் நம்ம ரொட்டிக்குள்ளதான் இருக்காளுக!" கவிஞர்கள் பழைய கவிஞர்களிடம் வரிகளைக் கடன் வாங்குவது பற்றிய என் ஆய்வேட்டை அதை எழுதித்தான் தொடங்கினேன். பேராசிரியர் வியந்தார்.

"யாரு சொன்னது இது?"

"நானே யோசிச்சேன் சார்."

ரொட்டி விற்பவரின் மகள் என்று சொல்லக் கூசினேன். அதன்பின் ரொட்டி வாங்குவதையே நிறுத்திவிட்டேன். பட்டம் போனாலும் போகட்டுமென்று இன்று அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை நீட்டினார்.

"அப்ப அவங்க பேரை எழுதும்மா."

முதல் அடிக்குறிப்பில் உங்கள் பெயரை எழுதினேன். நூலின் பெயர் வரவேண்டிய இடத்தில், "எங்கள் ரொட்டி அடுப்பு, ஸ்பாக்ஸ் நகர்" என்று போட்டிருக்கிறேன்.

உங்கள் மூத்த மகள்