அபூ உபைதாவுக்கு வந்த அழைப்பு

குட்மேய்ஸ், ஏப்ரல் 2020

பிள்ளையின் வாப்பாவுக்கு ஸலாம்.

"கவுன்சில் கடிதத்தில உம்மட கையெழுத்து வேணும், உடனே வீட்டுக்கு வாரும்" என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது.

கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டிலிருந்து தம் தளபதி அபூ உபைதாவைக் காப்பாற்ற, "உம்மிடம் ஒரு தேவை இருக்கிறது, உடனே வாரும்" என்று கலீஃபா உமர் எழுதிய கதையை மகளுக்குச் சொன்னவரே நீங்கள்தானே? நம்பிக்கைக்குரியவர் என்று பெயரெடுத்த அபூ உபைதா, தம் படைவீரர்களை விட்டு வரவில்லை.

இந்த முதியோர் இல்லத்தில் கொரோனா வந்த பிறகு வேலைக்கு மிஞ்சியது நானும் மரினாவும்தான். இங்குள்ள முதியவர்கள் பதினொரு பேரையும் அவர்களுடைய பிள்ளைகள் எங்களிடம் அமானிதமாக ஒப்படைத்திருக்கிறார்கள்.

நேற்றிலிருந்து எனக்குத் தேநீரில் ஏலக்காய் மணக்கவில்லை.

"பிறகு அவர் வீட்டுக்கு வந்தவரா, வாப்பா?" என்று மகள் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவீர்கள். இனிக் கேட்டால், அந்த நோயிலேயே அவர் ஷாமில் அடக்கமான முடிவுவரை சொல்லிவிடுங்கள்.

உங்கள் பிள்ளையின் உம்மா