நான் பிரித்துவிட்ட உன் மெயில்

மகளே, வந்ததும் படுத்துவிடாதே. முதலில் இதைப் படி.

நீ எதிர்பார்த்த மருந்துக் கம்பெனி மெயில் நாலு நாள் முன்பே வந்துவிட்டது. நேர்காணல் இன்று பதினொரு மணிக்கு. நீ கொடுத்த பழைய போனில் உன் மெயிலும் வருகிறதே, இங்கிலீஷ் எழுத்துப் பழக அதைத்தான் தினமும் கூட்டிக் கூட்டிப் படிக்கிறேன். நீயும் பார்த்திருப்பாய் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நேற்று "ஒருத்தரும் கூப்பிடலப்பா" என்றாய். "நல்லா கண்ணைத் தொறந்து பாரு" என்றேன். "எனக்குப் பார்க்கத் தெரியாதா?" என்று கதவை அறைந்துவிட்டு ராத்திரி வேலைக்குப் போய்விட்டாய்.

காலையில் பக்கத்து வீட்டு போன் ரிப்பேர்காரரைக் கேட்டேன். "எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்து வச்சிருக்குண்ணே. நீங்க போன்ல தொறந்தா, பொண்ணோட போன்லயும் கம்ப்யூட்டர்லயும் படிச்சதா ஆயிடும். புதுசுன்னு காட்டாது" என்றார்.

சீ, இதெல்லாம் ஒரு மெஷினா! படித்தது நான், நீ படித்துவிட்டாய் என்று மூன்றும் கூடிப் பொய் சொல்லியிருக்கின்றன. நான் மூட்டையை இறக்கினால் பக்கத்தில் நிற்பவன் முதுகு லேசாகிவிடுமா?

உன்னைக் கூப்பிட்டேன், போன் அணைந்து கிடக்கிறது. என் போனை மேசை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன், முகவரி அதில் இருக்கிறது. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நீலச் சட்டையைத் தேய்த்துவிட்டேன். சாவியை ரிப்பேர்காரரிடம் கொடுத்துவிட்டுப் போ.

இன்னொன்று: உன் மெயிலை அந்தச் சனியனிலிருந்து எடுத்துவிடு. எனக்கென்று யாரும் எதுவும் எழுதுவதில்லை, அதனால்தான் உன்னுடையதைப் படித்தேன். திட்டுவதை வந்து திட்டு. இப்போது ஓடு.

அப்பா