போர்வைகள் காய்ந்த நாள்

செத்துப்போன பிறகும் என் வேலையை நீதான் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

இன்று காலை நாற்று மண் மூட்டை ஒன்றைப் பிரித்தேன். மக்கிய இலையும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி ஒரு வாசனை எழுந்தது. பக்கத்தில் நாற்றுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த பங்களாதேஷ்காரர் நிமிர்ந்து, "உன் தோஸ்த் வாசம், பாய்" என்று இந்தியில் சொன்னார். ஒரு வருஷமாக இந்த நர்சரி என் பொறுப்பில் இருக்கிறது. மூட்டையைப் பிரித்தவன் நான். வாசனை மட்டும் இன்னும் உன் பேரில் இருக்கிறது.

இந்தப் பாலைவனத்து வஃப்ராவில் வந்து இறங்கிய முதல் நாளை நினைத்துப் பார். ஒரே ஏஜென்ட், ஒரே விமானம், ஒரே பிக்கப். பண்ணைக்குப் பொறுப்பான எகிப்துக்கார இன்ஜினியர், எல்லாரும் முஹந்திஸ் என்று கூப்பிடும் அந்த மனுஷன், நம்மை வரிசையாக நிறுத்திச் செடி தெரிந்தவன் யார் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். லால்குடிப் பக்கம் மூன்று தலைமுறையாகச் சேற்றில் நின்ற குடும்பம் என்னுடையது. நீ திருச்சி கோர்ட்டு வாசலில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவன். நீ கையைத் தூக்கவில்லை. அவர் நீட்டிய விதைப் பாக்கெட்டில் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தாய், அவ்வளவுதான். உனக்கு நர்சரி, கூலர் ஓடும் பிளாஸ்டிக் கூடாரம். எனக்கு வெளித்தோட்டத்து மணல்.

நீ அந்த வேலையை ஏனோதானோ என்று செய்திருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். நீ நன்றாகச் செய்தாய். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இங்கே தக்காளிக்குக் கிடைக்கும் இடைவெளி ரொம்பச் சின்னது. குளிர் முழுசாகப் போவதற்குள் நாற்றை வெளியே எடுத்தால் கருகிவிடும். பயந்து பயந்து தள்ளிப்போட்டால், காய் பிடிக்கும் முன்பே வெயில் வந்து பூவை உதிர்த்துவிடும். அந்த நாளைச் சொல்வதுதான் நர்சரிக்காரனின் வேலையே. நீ மூன்று வருஷம் சொன்னாய். மூன்று வருஷமும் சரியாக இருந்தது.

கூடாரத்தின் பக்கத்துப் பிளாஸ்டிக்கை முதல் நாள் ஒரு மணி நேரம் தூக்கிவிடுவாய், மறுநாள் இரண்டு மணி நேரம், அப்புறம் அரை நாள். உரம் எடுக்க வந்த நான், "என்னடா, நாத்துக்கு விசிறி விடுறியா?" என்று கிண்டல் செய்தேன்.

"பழக்குறேன் மாப்ள. ஏர்போர்ட்லேர்ந்து நேரா கொண்டாந்து வெயில்ல நிறுத்துனா செத்துராதா?"

"நம்மள அப்படித்தானடா நிறுத்துனாய்ங்க."

"நாம நாத்து இல்லைல. நாம செத்தா இன்னொரு ஆளு வருவான்."

சிரித்தோம். நீ அதிகமாகச் சிரித்தாய்.

அன்றைக்கே கேட்டேன், நாள் உனக்கு எப்படிடா தெரிகிறது என்று. "கேம்ப்ல எல்லாப் பயலும் போர்வையத் தொவைச்சுக் காயப்போடுவான் பாரு, அன்னைக்கு எடுத்துரலாம்" என்றாய். நான் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். உன் ரகசியம் கையில் கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

போன வருஷம் பிப்ரவரியில் சிவில் ஐடி அட்டை வேலையாக, நர்சரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் விட்டுவிட்டு, நீ இரண்டு நாள் டவுனுக்குப் போனாய். அப்பாசியாவில் உன் அத்தான் ரூமில் தங்கியிருந்தாய். மூன்று நாளாக நல்ல வெயில். அன்று கேம்ப் கயிறு முழுக்கப் போர்வைகள். மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிக்கிறோம், எல்லாத்தையும் துவைத்துப் போடுங்கள் என்று போர்மேன் கத்தியதை நானும் கேட்டேன். என் போர்வையையும் நான்தான் துவைத்துப் போட்டேன். ஆனாலும் அந்தக் கயிற்றைப் பார்த்ததும் நீ சொன்னது மட்டும்தான் மண்டையில் ஓடியது. உண்மையைச் சொன்னால், வேறு எதுவும் ஓடக் கூடாது என்று நான்தான் முடிவு செய்தேன்.

"யல்லா, சீக்கிரம், எல்லாத் தட்டையும் வெளியே எடு" என்றேன். பங்களாதேஷ் பாய்மார்கள் எடுத்தார்கள்! ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எத்தனையோ பேர் நாற்று பறித்திருக்கிறார்கள், நட்டிருக்கிறார்கள், இடுப்பு ஒடிந்திருக்கிறார்கள். ஒருத்தரும் நாள் சொன்னதில்லை. நாள் சொல்கிறவர் செருப்போடு வரப்பில் நிற்பார். அந்த ஒரு மத்தியானம் நானும் வரப்பில் நின்றேன். ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த உனக்கு மூன்று வருஷமாகக் கிடைத்தது இதுதானா என்று அப்போதுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது. உன் மேல் ஆத்திரம் குறையவில்லை, கூடியது.

விடியும்போது வடகாற்று. மணல்மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. தட்டுத் தட்டாக இலைகள் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துக் கிடந்தன.

நீ திரும்பி வந்தபோது முஹந்திஸ் கத்திக்கொண்டிருந்தார். யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டார். நான் உன்னைக் காட்டினேன். "இவன்தான் சொல்லிட்டுப் போனான்." அது முழுப்பொய்யும் இல்லை. நீ என்னைப் பார்த்தாய், கயிற்றில் இன்னும் தொங்கிய போர்வைகளைப் பார்த்தாய். "ஆமா, சொன்னேன்" என்றாய். மறுநாளே உன்னை வெளித்தோட்டத்துக்குத் தள்ளிவிட்டு நர்சரியை என்னிடம் கொடுத்தார்கள்.

சாவியைக் கொடுக்கும்போது நீ கேட்டது ஒன்றே ஒன்று. "எதுக்குத் தொவைச்சானுங்கன்னு கேக்க மாட்டியாடா மாப்ள?"

நான் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். நீ வேறென்ன பார்ப்பாய், எதைத் தொட்டுப் பார்ப்பாய் என்று கேட்கவும் இல்லை. கேட்டால் நீ சொல்லியிருப்பாய். சொல்லியிருப்பாய் என்பதாலேயே கேட்கவில்லை.

ஆகஸ்டில் நான் கூலர் காற்றில் அடுத்த பருவத்துக்கு விதை ஊன்றிக்கொண்டிருந்தேன். நீ பகல் ஒரு மணிக்குச் சொட்டுநீர்க் குழாய் இழுத்துக்கொண்டிருந்தபோது விழுந்தாய். முப்பத்தொரு வயசு. பேப்பரில் இயற்கை மரணம் என்று எழுதினார்கள். அந்த மணலில் அந்த நேரத்தில் ஒரு மனுஷனை நிறுத்துவது எந்த ஊர் இயற்கை என்று கேட்க ஆள் இல்லை. நானும் கேட்கவில்லை. நீ நின்றது என் இடத்தில்.

அதற்காக உன்மேல் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. முஹந்திஸ் உனக்காக அழுதார். எனக்காக இங்கே யார் அழப்போகிறார்கள்? பாய்மார்கள் இன்னமும் ஒவ்வொரு தட்டையும் தூக்கிப் பார்த்து, அவன் கை இருந்தால் இன்னும் தடியாக வந்திருக்கும் என்கிறார்கள். பிளாஸ்டிக்கை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று நானும் தூக்கிவிடுகிறேன். உன்னிடமிருந்து திருடியதில் உருப்படியானது அது ஒன்றுதான். செய்யும்போதெல்லாம் வயிறு எரிகிறது, ஆனாலும் விடாமல் செய்கிறேன்.

செப்டம்பரில் வெயில் இறங்கியதைப் பார்த்து முஹந்திஸே நாள் சொல்லிவிட்டார். இந்தப் பிப்ரவரிக்கு என்னைத்தான் சொல்லச் சொல்கிறார். இன்னொரு தடவை கருகினால் நானும் வெளித்தோட்டத்துக்குப் போக வேண்டியதுதான். இந்த வருஷக் கோடை இன்னும் மோசமாக இருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

நான்கு நாளாக வெயில் அடிக்கிறது. காற்று இன்று மத்தியானத்திலிருந்து வடக்கே திரும்புகிற மாதிரி இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு டிராக்டர் கூடார வாசலுக்கு வந்துவிடும். எல்லாரும் என் வாயைப் பார்ப்பார்கள்.

எடுக்கவா, வேண்டாமா? சொல்லுடா.